இரட்டைப்படை

தோ பாயோ சமூக மன்றம், இரண்டாம் மாடி.
குளிர்சாதனம் பதினெட்டில் உறைந்திருக்கிறது,
ரிமோட் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.
ஆறு கல்லூரிகளுக்கு ஆறு நாற்காலி.
ஏழாவது, கதவோரம், எனக்கு:
பெண்கள் ஹாக்கிக் கூட்டமைப்பின்
ஓட்டில்லாத அட்டவணைச் செயலாளர்.

பிடோக்கும் தெம்பனிசும் போகப் பார்க்கின்றன.
மேல் லீக்கில் கூப்பிட்டிருக்கிறார்களாம்.
அங்கே ஆட்டம் நேரலையில் வரும்,
தண்ணீர்ப் போத்தலிலும் விளம்பரம் இருக்கும்.
இங்கே போத்தலில்
ஆட்டக்காரியின் பெயர், மார்க்கர் பேனாவில்,
பாதி அழிந்து.

"எங்க பிள்ளைங்க வளர வேண்டாமா?"
பிடோக்கின் ரெஜினா கோ கேட்டதை
ஹஃபிசுதீன் தமிழில் எனக்குத் திருப்பிச் சொன்னார்,
எனக்கு ஆங்கிலம் தெரியாது என்பதுபோல.
கேள்வியில் குற்றமில்லை.
போன பருவம் பத்துக்குப் பத்து வென்றார்கள்.
கடைசி ஆட்டங்களில்
கோல் போட்டுவிட்டுக் கத்தவும் மறந்து
நடந்தே திரும்பினார்கள் நடுக்கோட்டுக்கு.

நான் கணக்கை மட்டும் சொன்னேன்.
ஆறு அணி என்றால் வாரம் மூன்று ஆட்டம்,
சும்மா இருப்பார் யாருமில்லை.
ஒன்று போனால் ஐந்து:
வாரம் ஓர் அணி வெறுங்கட்டத்தை எதிர்த்து ஆடும்.
இரண்டும் போனால் நான்கு.
இரட்டைப்படைதான். ஆனால்
மூன்றே சனிக்கிழமையில்
எல்லாரும் எல்லாரையும் பார்த்து முடித்துவிடுவார்கள்,
பந்தி முடிந்த கல்யாண வீட்டில்
அடுத்து என்ன பேசுவதென்று தெரியாமல்
கைகழுவப் போகும் உறவுக்காரர்கள்போல.

செயற்கைப் புல்தரையின் வாடகையை
ஆறால் வகுத்தால் என்ன, நான்கால் வகுத்தால் என்ன
என்று உட்லண்ட்ஸ் பலகையில் எழுதிக் காட்டியது.
ஈசூன் கைபேசியில் சரிபார்த்தது.
பொங்கோல் பெருமூச்சு விட்டது.

கூட்டக் குறிப்பில் ஏறாதவை:
ஜூரோங்கின் கோல்காப்பாளர் கால்காப்பு
தெம்பனிஸ் இரவல் தந்தது, இன்னும் திரும்பவில்லை, யாரும் கேட்கவுமில்லை.
இடி எச்சரிக்கை ஒலித்த அன்று
இரு அணியும் ஒரே கொட்டகையில் ஐம்பது நிமிடம்,
ஒரு பொட்டலம் மரவள்ளி வறுவல், இருபத்தெட்டுக் கை.

எனக்கும் சுயநலம் உண்டு.
பதினோரு வருடச் சனிக்கிழமைகளை
வேறு எங்கே கொண்டுபோய் வைப்பேன்?
சேர்ந்திருப்பது பிரியத்தாலா
போக இடமில்லாததாலா என்று
நல்லவேளை, யாரும் என்னைக் கேட்கவில்லை.

ஓட்டெடுப்பு.
ஒன்றாய் இருக்க மூன்று கை. வேண்டாமென்று இரண்டு.
தெம்பனிஸ் வேணுதாசன் அழைப்பு வந்ததென்று
முன்பே எழுந்து போயிருந்தார்.
ஆள் குறைகிறது, இருபத்தேழாம் தேதி மறுபடி கூடுவோம்
என்றார் தலைவர்.
மின்தூக்கி அருகே அவரைப் பார்த்தேன்.
காதில் கைபேசி.
திரை இருட்டாக இருந்தது.
தலையசைத்தேன், அவரும்.

பூன் லே போகும் 157இல்
ஜூரோங் கோல்காப்பாளர் நிறைமதி
என் பக்கத்து இருக்கையில் வந்து விழுந்தாள்.
மாணவர் சார்பில் வந்தவள்,
கூட்டத்தில் வாயே திறக்கவில்லை.
பிடோக்கிடம் ஏழு கோல் வாங்கியவள்.
எட்டாவதைத் தடுத்ததைப் பற்றி
நூலகம் தாண்டி, புக்கிட் தீமா தாண்டிப்
பேசிக்கொண்டே வந்தாள்:
இடது காலை எப்படி நீட்டினாள்,
பந்து எப்படி நகத்தைச் சுட்டது.
பிறகு சட்டென்று,
"அவங்க போயிட்டா
அடுத்த வருஷம் நாங்க யாருகிட்டக்கா தோக்குறது?"

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

வீட்டில் பென்சிலை எடுத்தேன்.
ஆறு வரி, ஆறு பத்தி.
முதல் வாரம்:
ஜூரோங் எதிர் பிடோக்,
சனி, மாலை நான்கு.
மழை வந்தால் ஞாயிறு.